கிஸ்லானின் நூற்று நாற்பது மேசைகள்

எங்கள் ஆஸ்பத்திரியில் நூற்று நாற்பது மேசைகள் தினமும் காலையில் பிறந்து மாலையில் கரைந்துபோகின்றன. மரமேசைகளைச் சொல்லவில்லை. ஸ்க்ரீனில் தெரிகிற மேசைகள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு ஸ்க்ரீனும் உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புப் பெட்டியும்தான் இருக்கின்றன. கம்ப்யூட்டர் என்பது கீழ்த்தளத்தில், குளிரூட்டிய அறைக்குள், நான்கு சர்வர்களுக்குள் இருக்கிறது. அங்கே ஒரு தாய்ப்படம் உண்டு. காலையில் அந்தப் படத்திலிருந்து நூற்று நாற்பது பிரதிகள் எழுந்து மாடிகளுக்கு வருகின்றன. மாலையில் அவை எல்லாவற்றையும் மறந்து அழிகின்றன. மறுநாள் மறுபடி புதிதாக.

இந்த மேசைகளைப் பார்த்துக்கொள்பவள் கிஸ்லான். வயது நாற்பத்து மூன்று. எங்கள் கடலோர ஊரான லராஷின் சின்னச் சந்தையில் ஒரு கடையில் டி.வி., டிஷ் பெட்டி பழுதுபார்த்துக்கொண்டிருந்தவள். அங்கிருந்து ஆஸ்பத்திரியின் டெலிபோன் போர்டுக்கு வந்தாள். போர்டில் அழைப்பு வராத நேரத்தில் பிரெஞ்சுக் கையேடுகளை அகராதியோடு வைத்துப் படித்தாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. படித்ததை ஒரு பழைய கம்ப்யூட்டரில் செய்து பார்ப்பாள். கெட்டுப்போனால் ஏன் கெட்டது என்று நோட்டில் எழுதுவாள். சரியானால் ஏன் சரியானது என்றும் எழுதுவாள். இரண்டாவதுதான் கஷ்டம் என்பாள்.

அந்த நோட்டை நான் பார்த்திருக்கிறேன். பதிவேட்டு அறையில் என் நாற்காலிக்குப் பின்னால் உள்ள அலமாரியில்தான் வைப்பாள். நீல அட்டை. உள்ளே சின்னச் சின்ன வாக்கியங்கள். தாய்ப்படத்தைத் தொடாதே, பிரதி எடு, பிரதியைத் தொடு. பிரதிக்குத் தேதி இல்லாமல் பெயர் வைக்காதே. நேற்றைய பிரதியை இன்று அழிக்காதே. புதிதை முதலில் பத்துப் பேருக்குக் கொடு. குறை சொல்கிற பத்துப் பேராகப் பார்த்துத் தேர்ந்தெடு. எல்லோரையும் ஒரே நேரத்தில் எழுப்பாதே. அவசரப் பிரிவின் பன்னிரண்டு மேசைகளை மற்றவற்றோடு சேர்க்காதே, அவற்றைத் தூங்கவும் விடாதே.

ஆட்களின் பொருள்களை அவள் மேசையில் வைக்க விடுவதில்லை. ஒவ்வொருவருக்கும் சர்வரில் ஒரு தனி அலமாரி. அதை மூட்டை என்று சொல்வாள். காலையில் பாஸ்வேர்ட் போட்டதும் மூட்டை வந்து சேரும். மாலையில் மேசை கரையும், மூட்டை கரையாது. டோக்கன் கவுன்டரில் இருக்கும் ஹ்னியா ஆரம்பத்தில் ஒரு வாரம் அழுதாள். மகளின் படத்தைத் தினமும் மேசையில் ஒட்டுவாள், தினமும் காணாமல் போகும். கிஸ்லான் பக்கத்தில் உட்கார்ந்து, அதை மூட்டைக்குள் வைக்கச் சொல்லிக்கொடுத்தாள். மறுநாள் காலை வெறும் சாம்பல்நிற மேசையில் மகளின் முகம் தானாக வந்து நின்றதும் ஹ்னியா ஸ்க்ரீனை முத்தமிட்டாள். அந்த உதட்டுச்சாய அடையாளத்தைத் துடைக்க இரண்டு நாள் ஆனது.

பழைய கம்ப்யூட்டர்கள் பின்கட்டில், மூடிப்போன சலவை அறையில் பிளாஸ்டிக் விரிப்புக்குக் கீழே அடுக்கிக் கிடந்தன. இயக்குநர் டாக்டர் லஹ்லூ அவற்றை வெளியே விடவில்லை. போன பிப்ரவரியில் ஒரு காலை கரண்ட் போய் வந்தது. வந்ததும் நூற்று நாற்பது மேசைகளும் ஒரே நேரத்தில் எழ முயன்றன. சர்வர்களுக்கு மூச்சு முட்டியது. நாற்பது நிமிடம் டோக்கன் கூப்பிடவில்லை. ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு காத்திருந்துவிட்டுப் போய்விட்டாள். அவள் வாசல் தாண்டிப் போனதை டாக்டர் பார்த்தார்.

அன்றைக்கு அவர் கிஸ்லானிடம் சொன்னார்: "ஒரு வருஷம். எட்டரைக்கு எல்லா ஸ்க்ரீனும் எரியணும். ஒரு காலைகூட தவறக் கூடாது. தவறினா அந்தப் பழைய பெட்டிங்க மேல வரும், நீ மறுபடி போர்டுக்குப் போ. தவறலேன்னா பெட்டிங்கள மலைப்பக்கத்து ஸ்கூல்களுக்குக் குடுத்துடலாம்."

கிஸ்லான் சரி என்றாள். ஒரு புதுப் பக்கத்தில் கோடு போட்டாள். ஒவ்வொரு காலையும் எட்டரைக்கு ஒரு சின்னக் கோடு. மலைப்பள்ளி ஆசிரியர் ஒருவர் மாதம் ஒருமுறை போன் பண்ணி, பெட்டிகள் எப்போது வரும் என்று கேட்பார். கிஸ்லான் மிச்ச நாள்களை எண்ணிச் சொல்வாள்.

வருடத்தின் கடைசி நாள் ஒரு திங்கள்கிழமையில் வந்தது. ரமலானுக்கு முந்தைய ஞாயிறு தாண்டிய திங்கள்.

அந்த ஞாயிறு எங்களுக்குத் தெரிந்த ஞாயிறுதான். வருடம் முழுக்கக் கடிகாரத்தில் கூடுதலாக ஒரு மணி சேர்த்து ஓட்டுகிறோம். ரமலானுக்காக அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அதிகாலையில் ஊர் முழுக்க ஒரு மணி நேரம் பின்னால் போகும். பழைய மணி, கூட்டின மணி என்று இரண்டு மணியும் சில நாள் பக்கத்துப் பக்கத்தில் நடக்கும். டாக்டர் லஹ்லூவைப் போன்ற சிலர் கைக்கடிகாரத்தை எப்போதுமே பழைய மணியிலிருந்து மாற்றுவதில்லை. அவர்களுக்கு அந்த மாதத்தில் மட்டும் உலகம் சரியாக இருக்கும்.

ஒவ்வொரு வருடமும் கிஸ்லான் அந்த ஞாயிறு மதியம் வந்து தாய்ப்படத்தின் மணியைத் தானே பார்த்துக்கொள்வாள். இந்த வருடம் வரவில்லை. அக்காவின் வீட்டில் ரமலானுக்கான ஸெல்லு இனிப்பு செய்யும் நாள். மாவை அடிபிடிக்காமல் வறுக்க வேண்டும், பாதாமும் எள்ளும் பக்கத்திலேயே வறுபட வேண்டும். கரண்டியை விட்டு நகர முடியாது. மூன்று மணிக்கு மர்வான் போன் பண்ணினான். டெலிபோனும் பிரின்டரும் அவன் பொறுப்பு. அவளைவிடப் பத்து வயது சின்னவன், நல்லவன், கை வேகம். அவளை மரியாதையாக லல்லா என்றுதான் கூப்பிடுவான்.

"லல்லா கிஸ்லான், நீங்க மாவைக் கிளறுங்க. லேபுக்குப் புது லேபிள் பிரின்டர் போட வந்தேன், அப்படியே மணியையும் மாத்திட்டேன்."

"ஆச்சா?"

"ஆச்சு."

மாவு சிவக்கும் நேரம். வீடு முழுக்க வாசனை. அவள் சரி என்று வைத்துவிட்டாள். எப்படி ஆச்சு என்று கேட்கவில்லை.

திங்கள் காலை அவள் உடம்பு கூட்டின மணியிலேயே எழுந்தது. வெளியே லுக்கோஸ் ஆற்றிலிருந்து ஏறிய மூடுபனி தெருவை நிரப்பியிருந்தது. விளக்குக் கம்பங்களின் அடிப்பாகம் மட்டும் தெரிந்தது. கடல் எந்தப் பக்கம் என்பதைக் காதால்தான் அறிய முடிந்தது. அவள் இன்னும் கனவில் நடப்பதுபோலவே ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தாள். செல்போன் ஆறு மணி என்றது. தாழ்வாரத்துச் சுவர்க்கடிகாரம் ஏழு என்றது.

கவுன்டர்களில் ஸ்க்ரீன்கள் எரிந்துகொண்டிருந்தன.

அவள் நின்றாள். மேசைகள் ஏழு மணிக்குத்தான் எழத் தொடங்க வேண்டும். பத்துப் பத்தாக, நான்கு நிமிடத்துக்கு ஒரு பத்து. பழைய மணி ஆறுக்கே அவை எழுந்துகொண்டிருந்தால், எழுப்புகிற சர்வருக்கு மணி மாறியதை யாரும் சொல்லவில்லை என்று அர்த்தம். மூடுபனிக்குள் நூற்று நாற்பது பேர் தப்பான நேரத்தில் கண் விழித்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருப்பதுபோல அவளுக்குத் தோன்றியதாம். பிறகு அவளே சொன்னாள்.

ஹ்னியாவின் நாற்காலியில் உட்கார்ந்து தன் பாஸ்வேர்டைப் போட்டாள். மறுத்தது. பக்கத்து மேசையில் போட்டாள். மறுத்தது. இங்குள்ள நேரமும் சர்வரின் நேரமும் ஒத்துப்போகவில்லை என்று ஒரு வரி வந்தது.

ஸ்க்ரீனின் மூலையில் மணி 6:10. கையிலிருந்த செல்போனிலும் 6:10. கண்ணுக்குச் சரி, உள்ளே தப்பு. அவளுக்கு உடனே புரிந்தது. மர்வானுக்குப் போன் பண்ணினாள்.

"ஸி மர்வான், மணியை எப்படி மாத்தினீங்க?"

அவள் ஐயா என்பதுபோல "ஸி" போட்டு "நீங்க" என்றால் கோபம் என்று மர்வானுக்குத் தெரியும். தூக்கம் ஓடிவிட்டது.

"எப்படின்னா? முள்ளை ஒரு மணி பின்னாடி தள்ளினேன். அது திரும்பத் திரும்ப முன்னாடி போச்சு. அதனால தானா சரிபண்ணிக்கிறதை நிறுத்திட்டேன். ஏன்?"

"எந்த ஊருன்னு இருக்கிறதை மாத்தலியா?"

"நம்ம ஊர்தானே, அதை எதுக்கு மாத்தணும்?"

"பிரதி எடுத்தா பண்ணினீங்க?"

மர்வான் இருட்டில் ஸ்வெட்டரைத் தேடினான்.

"தாய்ப்படத்துலயே கை வெச்சிருக்கீங்க."

"லல்லா, அஞ்சு நிமிஷத்துல வரேன்."

விஷயம் இதுதான். பாஸ்வேர்டைச் சரிபார்த்து உள்ளே விடுகிற, வாசலில் நிற்கும் சர்வர் உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரு நேரத்தை வைத்துக்கொண்டிருக்கிறது. மேசை எந்த ஊரில் இருக்கிறதோ அதற்கேற்ப ஒரு மணியைக் கூட்டியோ குறைத்தோ ஆளுக்குக் காட்டும். ஊரை மாற்றாமல் முள்ளை மட்டும் தள்ளினால், மேசை நிஜமாகவே ஒரு மணி நேரம் பிந்திப்போகிறது. ஐந்து நிமிடத்துக்கு மேல் பிந்தியவரை வாசல் உள்ளே விடாது. பழைய அனுமதிச் சீட்டை யாராவது திருடிக்கொண்டு வரலாம் என்ற பயம் அதற்கு. சுவர்க்கடிகாரத்தின் முள்ளை வருடத்துக்கு இரண்டு முறை தள்ளிப் பழகிய ஊரில் யாருக்கும் வரக்கூடிய பிழை.

அவசரப் பிரிவின் பன்னிரண்டு மேசைகள் தனியாக விழித்திருந்தன. அவை நூற்று நாற்பதில் சேராதவை, அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. கிஸ்லான் முதலில் அங்கே போய்ப் பார்த்துவிட்டுத்தான் கீழ்த்தளத்துக்கு இறங்கினாள். எட்டரைக்கு இரண்டு மணி ஐந்து நிமிடம் இருந்தது. எழுப்புகிற சர்வருக்கும் மணியை மாற்றியிருந்தால், அவளுக்கு இது ஏழுக்குத்தான் தெரியவந்திருக்கும்.

நூற்று நாற்பதையும் படுக்கவைத்தாள். வியாழக்கிழமைத் தேதியிட்ட பிரதியைத் தேடி எடுத்தாள். அதிலிருந்து இன்னொரு பிரதி எடுக்க ஆரம்பித்தாள். அது இருபது நிமிடம் பிடிக்கும், அவசரப்படுத்த முடியாது. மர்வான் ஸ்வெட்டரைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தான்.

"லல்லா, என்மேல கத்துங்க. கத்தாம இருந்தா எனக்குப் பயமா இருக்கு."

"கத்துறதுக்கு நேரம் இல்ல. ஸ்வெட்டரைத் திருப்பிப் போடு."

"நீ"க்கு வந்துவிட்டாள். மர்வான் ஸ்வெட்டரைக் கழற்றி மாட்டினான்.

பிரதி தயாரானதும் முள்ளைத் தொடவில்லை. மேசை எந்த ஊரில் இருக்கிறது என்கிற இடத்தைத் திறந்தாள். எங்கள் பழைய மணியும் உலகப் பொது நேரமும் ஒன்றுதான். அதனால் பட்டியலில் வருடம் முழுக்க அதில் ஒரு மணியும் கூட்டாத, குறைக்காத ஊர் ஒன்று வேண்டும். ரேக்யவிக் என்பதைத் தேர்ந்தெடுத்தாள். ஐஸ்லாந்தின் தலைநகரம். தானாகச் சரிபண்ணிக்கொள்வதை மறுபடி போட்டாள். பெயருக்குப் பின்னால் அன்றைய தேதியை எழுதி மூடினாள்.

ஏழு ஐந்து. பத்து மேசைகளை மட்டும் எழுப்பினாள். சோதிக்க ஆள் வேண்டும். குறை சொல்கிற ஆள். ஆஸ்பத்திரிக் குடியிருப்பிலேயே இருக்கும் ஹ்னியாவைக் கூப்பிட்டாள்.

"ஹ்னியா, எழுந்துட்டியா?"

"எந்த மணிக்குக் கேக்குற லல்லா? கூட்டின மணிக்கு எழுந்துட்டேன். பழைய மணிக்கு இன்னும் தூங்கிட்டிருக்கேன்."

"இப்பவே கவுன்டருக்கு வா."

"சம்பளம் எந்த மணிக்கு?"

ஆனாலும் வந்தாள். இரவு உடைமேல் ஜெல்லபா அங்கி, தலையில் துண்டு. ராத்திரி ஷிஃப்ட் முடித்த லேப் ஆள் ஒருவர், பார்மசியிலிருந்து ஒருவர், சீக்கிரம் வந்துவிட்ட நான் என்று பத்து பேர் சேர்ந்தோம். நானும் பாஸ்வேர்ட் போட்டேன். என் மூட்டை வந்தது. என் பட்டியல்கள், பாதியில் விட்ட கடிதம், எல்லாம். பனிக்குள்ளிருந்து யாரோ என் பையைக் கொண்டுவந்து கையில் கொடுத்ததுபோல் இருந்தது.

ஹ்னியா ஒற்றை விரலால் தட்டி ஒரு டோக்கன் அச்சிட்டாள். மணி சரி. இன்னொன்று. சரி. "என் மகள் இன்னும் வரலியே," என்றாள். அப்போது மகள் வந்தாள். ஹ்னியா முத்தமிடக் குனிந்தாள். கிஸ்லான் ஸ்க்ரீனுக்கு முன்னால் கையை நீட்டினாள்.

லேப் ஆள்தான் கண்டுபிடித்தார். ரத்தக் குழாய்களில் ஒட்டுகிற லேபிள் அச்சாகவில்லை. மர்வான் ஞாயிற்றுக்கிழமை போட்ட புது பிரின்டர் வியாழக்கிழமைப் பிரதியில் எப்படி இருக்கும்?

"விட்டுருங்க லல்லா," என்றான் மர்வான். "லேபுக்குக் கையால எழுதச் சொல்லலாம். மதியம் போட்டுக்கலாம்."

"கையால எழுதி ரெண்டு பேரு ரத்தம் மாறினா?"

மறுபடி ஒரு பிரதி. மர்வானே பிரின்டரைப் போட்டான். இந்த முறை ஒவ்வொரு அடியையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்தான். அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள். மூடும்போது ஏழு நாற்பது.

"இப்ப எல்லாத்தையும் ஒரே தட்டுல எழுப்பிடலாம்," என்றான். "பத்துப் பத்தா எழுப்பினா எட்டரைக்கு முடியாது. நான் கணக்குப் போட்டுட்டேன்."

"நானும் போட்டுட்டேன். எட்டு நாப்பத்திரெண்டு."

"அந்தப் பத்துப் பேருக்கு மறுபடி குடுத்துப் பாக்கறதையாவது விட்டா பத்து நிமிஷம் மிச்சம்."

"மிச்சம்தான்."

"லல்லா, இன்னிக்கோட ஒரு வருஷம். பன்னெண்டு நிமிஷத்துக்கு அந்தப் பெட்டிங்க மேல வரணுமா?"

கிஸ்லான் அவனைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு அப்பால் சர்வர்களின் பச்சை விளக்குகள் சிமிட்டிக்கொண்டிருந்தன. அவள் அவற்றையே பார்த்தாள். வருடம் முழுக்கக் கோடு போட்ட பக்கம் அவள் மடியில் இருந்தது. இன்னும் ஒரு கோடுதான் பாக்கி. பிறகு அந்தப் பத்துப் பேரையும் மறுபடி கூப்பிட்டாள்.

ஏழு ஐம்பதுக்குப் பத்தும் சரி. லேபிளும் வந்தது. அதற்குப் பிறகு முதல் பத்து, நான்கு நிமிடம், அடுத்த பத்து. வரிசையை அவள் கையாலேயே மாற்றினாள். கவுன்டர்கள், லேப், பார்மசி, வார்டுகள். அதற்குப் பின் பதிவேடு, கிட்டங்கி. கடைசியில் நிர்வாக அறைகள். எல்லோருக்கும் கடைசியில் இயக்குநரின் மேசை.

எட்டரைக்கு ஹ்னியா முதல் எண்ணைக் கூப்பிட்டாள். தாழ்வாரத்தில் காத்திருந்தவர்கள் பாதிப் பேர் கூட்டின மணிக்கே வந்திருந்தார்கள். ஜன்னல்களில் பனி இன்னும் வெள்ளையாக ஒட்டியிருந்தது. மேலே நூற்றுப் பத்து ஸ்க்ரீன்கள் எரிந்தன.

டாக்டர் லஹ்லூவின் ஸ்க்ரீன் கறுப்பாக இருந்தது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு தடவை தட்டிப் பார்த்தார். செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் அறையைவிட்டு வெளியே வந்தார். தாழ்வாரத்தின் நடுவில் அவர் கை கட்டிக்கொண்டு நின்றதை நாங்கள் வெகு நாளைக்குப் பிறகு பார்த்தோம். எண்கள் கூப்பிடப்பட்டுக்கொண்டிருந்தன. இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் அவரை யாரோ ஊழியர் என்று நினைத்து லேப் எங்கே என்று கேட்டாள். அவர் கூடவே நடந்து கொண்டுபோய் விட்டார். அவள் கண்ணெதிரே லேபிள் ஒட்டிய குழாயில் லேப் ஆட்கள் ரத்தம் எடுத்ததையும் நின்று பார்த்தார்.

திரும்பி வந்தபோது அவர் மேசை எழுந்திருந்தது. எட்டு நாற்பத்திரெண்டு. கிஸ்லான் நோட்டோடு வாசலில் நின்றாள். அன்றைய கட்டத்தில் கோடு போடவில்லை. அதற்குப் பதில் எழுதியிருந்தாள். 8:30-க்கு 110. 8:42-க்கு 140. "ஆச்சு" என்றதை நம்பினேன், எப்படி என்று கேட்கவில்லை. கிஸ்லான்.

மர்வானின் பெயர் அதில் இல்லை. மர்வான் அவளுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தான்.

"டாக்டர், மணியை மாத்தினது நான்," என்றான்.

"இவன் சொல்றது இருக்கட்டும். நீ என்ன சொல்ற?" என்று டாக்டர் கிஸ்லானைக் கேட்டார்.

"எட்டரைக்கு எல்லா ஸ்க்ரீனும்னு சொன்னீங்க," என்றாள் கிஸ்லான். "எல்லாம் எரியல. முப்பது எரியல. உங்களுதும்."

"டோக்கன் நின்னுச்சா?"

"இல்ல."

"லேப்?"

"நிக்கல. ஆனா நீங்க சொன்னது எல்லா ஸ்க்ரீனும்."

டாக்டர் நோட்டை வாங்கினார். வருடத்தின் கோடுகளைப் பின்னாலிருந்து முன்னால் புரட்டினார். பிறகு அவள் எழுதியதற்குக் கீழே தன் பேனாவால் ஒரு கோடு போட்டார்.

"அப்ப நான்தான் தப்பாச் சொல்லியிருக்கேன். என் ரூம் ஆஸ்பத்திரி இல்ல," என்றார். "அந்த வாத்தியாருக்குப் போன் பண்ணு. லாரி வரட்டும்."

வெளியே வந்ததும் மர்வான் மெதுவாகக் கேட்டான்: "லல்லா, ஸெல்லு மிச்சம் இருக்கா?"

"தாய்ப்படத்துல கை வெச்சவனுக்கு எள்ளு மட்டும்தான்."

வியாழக்கிழமை லாரி வந்தது. சலவை அறையிலிருந்து பெட்டிகள் ஒவ்வொன்றாகப் போயின. தரையில் தூசி படியாத சதுரங்கள் வரிசையாக மிஞ்சின. கிஸ்லான் அவற்றைப் பெருக்கவிடவில்லை. இரண்டு நாள் அப்படியே இருக்கட்டும் என்றாள்.

அந்த ரமலான் முழுக்க எங்கள் மேசைகள் தாங்கள் ரேக்யவிக்கில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தன. ஸ்க்ரீனின் மூலையில் வானிலை காட்டுகிற இடத்தில் பனி பெய்தது. மைனஸ் மூன்று, மைனஸ் ஐந்து. வெளியே வெயில். உண்ணா நாவோடு கவுன்டரில் உட்கார்ந்திருந்த ஹ்னியா அதையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"லல்லா, அந்த ஊர்ல சூரியன் எப்ப விழும்?"

"ஏன்?"

"நான் அந்த ஊர்லதானே வேலை பாக்குறேன். அங்க எப்ப நோன்பு துறப்பாங்களோ அப்பத் துறந்துக்கிறேன்."

"அங்க முதல்ல நமக்கு முன்னாடி விழும், அப்புறம் பின்னாடி விழும். பாதி மாசத்துல மாறிடும்."

"அப்ப முதல் பாதிக்கு அந்த ஊரு, மறுபாதிக்கு லராஷ்."

மூன்று மணிக்கு வேலை முடிந்ததும் ஒவ்வொருவராகக் கிளம்புவோம். தாழ்வாரம் காலியாகும். கிஸ்லான் கடைசியாக மாடிகள் வழியே நடப்பாள். அவள் கடந்து போகப் போக மேசைகள் பத்துப் பத்தாகக் கரையும். ஹ்னியாவின் மகள், என் பட்டியல்கள், லேபின் குழாய் எண்கள் எல்லாம் மூட்டைக்குள் போய்விடும். மூலையில் பெய்துகொண்டிருந்த பனி மட்டும் ஒரு நொடி கூடுதலாக நிற்கும். பிறகு அதுவும் அணையும். அவள் சுவர்க்கடிகாரத்தை ஒருமுறை பார்ப்பாள். அதை மட்டும் மர்வான் ஏணி போட்டு, முள்ளைக் கையால் தள்ளி, பழைய மணிக்கு மாற்றிவைத்திருந்தான்.